சாந்திவனத்தில் ஒரு தங்கல்: தண்ணீர்ப்பள்ளி சச்சிதானந்த ஆசிரமம் பற்றிய மதிப்புரை

திருச்சி–கரூர் சாலையில் குளித்தலையை ஒட்டி, காவிரியின் தென்கரையில் இருக்கும் தண்ணீர்ப்பள்ளி என்னும் சிற்றூரில், சாந்திவனம் என்று ஊரார் அழைக்கும் சச்சிதானந்த ஆசிரமம் 1950 முதல் இயங்கி வருகிறது. கத்தோலிக்கத் துறவியர் நடத்தும் இந்த ஆசிரமத்தில் எந்தச் சபையைச் சேர்ந்தவரும், எந்தச் சமயத்தைச் சேர்ந்தவரும் முன்கூட்டியே எழுதிக் கேட்டுக்கொண்டு வந்து தங்கலாம். இங்குள்ள தங்கும் வசதியையும் வழிபாட்டையும் அறிமுகப்படுத்தும் எழுத்துகளில் பெரும்பகுதி வெளிநாட்டவருக்காக ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் எழுதப்பட்டவை. புரொட்டஸ்டன்ட் சபையான தென்னிந்தியத் திருச்சபையில் வளர்ந்து, ஞாயிறு ஆராதனையிலும் கன்வென்ஷன் பந்தலிலும் விசுவாசம் கற்றுக்கொண்ட ஒரு தமிழ்க் கிறிஸ்தவர் அங்கே சென்றால் என்ன காண்பார், அவருக்கு எது உதவும், எது உறுத்தும் என்பதைச் சொல்வதே இந்த மதிப்புரையின் நோக்கம்.

எந்த அளவுகோலைக் கொண்டு மதிப்பிடுகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நம் சபைகளில் தேவனுக்கு ஒப்புக்கொடுத்தல் என்றால் பெரும்பாலும் ஓர் இரவு நினைவுக்கு வரும். கூட்டங்களின் கடைசி நாளில் செய்தி முடிந்து, பாடகர் குழு மெல்லிய குரலில் ஒரே சரணத்தைத் திரும்பத் திரும்பப் பாட, ஊழியக்காரர் கைகளை உயர்த்தச் சொல்லி, பிறகு எழுந்து நிற்கச் சொல்லி, பிறகு முன்னே வரச் சொல்ல, மணல் பரப்பிய தரையில் முழங்காற்படியிட்டுக் கண்ணீரோடு ஜெபிக்கும் அந்த அர்ப்பண வேளையை நான் குறைத்துப் பேசப் போவதில்லை; பலருடைய வாழ்க்கை அங்கேதான் திரும்பியது. ஆனால் அடுத்த திங்கட்கிழமை காலையில், உணர்ச்சி வடிந்த பிறகு, ஒப்புக்கொடுத்த மனிதர் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு அந்தப் பந்தலில் விடை கிடைப்பதில்லை. அந்தத் திங்கட்கிழமைக்கு இந்த ஆசிரமம் ஏதாவது வைத்திருக்கிறதா என்ற ஒரே கேள்வியோடுதான் நான் அங்கே தங்கினேன்.

வைத்திருக்கிறது என்பதுதான் என் முடிவு. ஆனால் அதைப் பிரசங்கத்தில் தேடுபவர் ஏமாந்து போவார். அது முழுவதும் நேரஒழுங்கில் இருக்கிறது. விடியலுக்கு முன்பே மணி அடிக்கிறது. காலையிலும், நண்பகலிலும், அந்தியிலும் ஆலயத்தில் கூட்டு ஜெபம் நடக்கிறது. காலை ஜெபத்தோடு திருப்பலியும், அதாவது கத்தோலிக்கரின் நற்கருணை ஆராதனையும், சேர்ந்து வரும். இவை தவிர, பொழுது புலரும் வேளையும் பொழுது சாயும் வேளையும் மௌன தியானத்திற்கென்று ஒதுக்கப்பட்டிருக்கின்றன. இந்த மணிக்கு எழ வேண்டும், வர வேண்டும் என்று விருந்தினரை யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. வராதவரிடம் காரணம் கேட்பதுமில்லை. இருந்தாலும் முதல் சில வேளைகளுக்குப் பிறகு ஒன்று தெளிவாகிறது. ஜெபிக்கும் மனநிலை இருக்கிறதா என்று நம்மை நாமே விசாரித்துக்கொள்ளும் வழக்கத்திற்கு இங்கே இடமில்லை. மணி அடித்தால் போக வேண்டும்; சங்கீதம் வாசிக்கப்பட்டால் கேட்க வேண்டும்; மௌனம் வந்தால் மௌனமாக இருக்க வேண்டும். என் சித்தம் சிறிது சிறிதாக ஓரங்கட்டப்படுவதை உணர்ந்தபோது, கண்ணீர் எதுவும் வரவில்லை. கொஞ்சம் எரிச்சல்தான் வந்தது. அந்த எரிச்சலை நான் நல்ல அடையாளமாகவே எடுத்துக்கொள்கிறேன்.

குளித்தலை வட்டாரத்திற்கு இந்த முப்பொழுது வழிபாடு புதிதன்று. 'காலைக் கடம்பர், மத்தியானச் சொக்கர், அந்தி ஈங்கோய்நாதர்' என்று ஊர்வழக்கு ஒன்று உண்டு. குளித்தலையில் காவிரிக்கரைக் கடம்பவனநாதரைக் காலையிலும், ஐயர்மலைச் சொக்கரை உச்சியிலும், அக்கரையில் திருஈங்கோய்மலை நாதரை அந்தியிலும், ஒரே நாளில் மூன்றையும் தரிசிப்பது சைவர்களின் நெடுநாளைய வழக்கம். காவிரிப் படுகையின் இந்தத் துண்டில், நாளை மூன்றாக வகுத்துக் கடவுள்முன் நிற்பது மண்ணோடு ஊறிய பழக்கம் என்பதை அறிந்தவருக்கு, ஆசிரமத்தின் மணியோசை அயல்நாட்டு மடத்தின் இறக்குமதியாகத் தோன்றாது.

ஆலயம் நம் கண்ணுக்குப் பழகிய தேவாலயம் போல இருக்காது. ஊசிக்கோபுரமோ வண்ணக் கண்ணாடியோ கிடையாது. தென்னிந்தியக் கோயிலின் அமைப்பில் வாயிற்கோபுரம், மண்டபம், கருவறை, விமானம் என்று கட்டியிருக்கிறார்கள். வாயிற்கோபுரத்தில் சிலுவையிலிருந்து எழும் மூன்று முகங்கள் கொண்ட உருவம், பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்னும் திரியேகத்தைக் குறிக்கிறது. உள்ளே போகும் வழியில் வட்டத்திற்குள் ஒரு சிலுவையும், அதன் நடுவில் ஓங்கார எழுத்தும் உண்டு. நம்மில் பலருக்கு முதல் தயக்கம் இந்த இடத்திலேயே வந்துவிடும். மண்டபத்தில் நாற்காலி வரிசைகள் இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் அமர வேண்டும். கருவறை இருட்டாகவே விடப்பட்டிருக்கிறது. திருப்பலியில் அர்ச்சிக்கப்பட்ட அப்பமாகிய நற்கருணை அங்கே வைக்கப்பட்டிருக்க, விளக்கொளி மட்டும் தெரியும். கடவுள் இருதயக் குகையில் மறைந்திருக்கிறார் என்ற கருத்தை அந்த இருட்டு சுமப்பதாக விளக்கம் சொல்கிறார்கள். வெளிச்சமும் ஒலிபெருக்கியும் நிறைந்த ஆராதனைக்குப் பழகிய கண்கள் இந்த இருட்டுக்குப் பழகச் சில நாள் பிடிக்கும். பழகிய பிறகு, பாடகர் குழுவையும் பிரசங்கியாரையும் பார்த்தபடி உட்காருவதற்கும், எதையும் தெளிவாகக் காட்டாத ஓர் இருட்டை நோக்கி உட்காருவதற்கும் எவ்வளவு வேறுபாடு என்பது புரியும். இங்கே பார்வைக்கு எதுவும் கிடைப்பதில்லை. ஆராதிக்க வந்தவரின் கவனத்தைப் பிடித்து வைக்கும் பொறுப்பை யாரும் ஏற்றுக்கொள்வதுமில்லை.

இந்த ஆசிரமத்தில் பார்த்தவற்றில் எனக்கு மிகச் சிறந்ததாகப் பட்டது, திருப்பலியின் காணிக்கை நேரம். நம் ஆராதனையில் காணிக்கை என்றால் பை சுற்றிவரும். பாட்டு முடிவதற்குள் வசூல் முடிந்துவிட வேண்டும் என்ற அவசரமும் கூடவே வரும். இங்கே அப்பத்தோடும் திராட்சரசத்தோடும் இயற்கையின் கூறுகளும் காணிக்கையாக்கப்படுகின்றன. தண்ணீர் தெளிக்கப்படுகிறது, நிலத்தின் விளைவு வைக்கப்படுகிறது, தூபம் காட்டப்படுகிறது, கற்பூரம் ஏற்றப்படுகிறது. அதோடு, எட்டு மலர்கள் ஒவ்வொன்றாக, ஒவ்வொன்றுக்கும் ஒரு வடமொழி வணக்கத்தோடு, காணிக்கைத் தட்டைச் சுற்றி எட்டுத் திசைகளிலும் வைக்கப்படுகின்றன. எண்திசையும் சேர்ந்த இந்த உலகத்தின் நடுவே இந்தப் பலி செலுத்தப்படுகிறது என்பது அதன் பொருள். மலரை எடுக்கும் கை, அதை மார்பளவுக்கு உயர்த்தி, ஒரு கணம் நிறுத்தி, பிறகு தட்டின் விளிம்பில் வைத்துவிட்டு வெறுங்கையோடு திரும்புவதை, நான் அமர்ந்திருந்த இடத்திலிருந்து நன்றாகப் பார்க்க முடிந்தது. எட்டு முறையும் அதே நிதானம்; ஏழாவது மலருக்கு வரும்போதும் வேகம் கூடவில்லை.

பவுல் அப்போஸ்தலன் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் 12ஆம் அதிகாரத் தொடக்கத்தில், சரீரங்களை ஜீவபலியாக ஒப்புக்கொடுப்பதையே புத்தியுள்ள ஆராதனை என்கிறார். அங்கே ஆராதனையும் அர்ப்பணமும் ஒரே வாக்கியத்துக்குள் நிற்கின்றன. நம் வழக்கத்தில் நாம் இரண்டையும் பிரித்துவிட்டோம். ஆராதனை என்றால் பாடல் வேளை, அர்ப்பணம் என்றால் செய்தியின் இறுதி. அந்த எட்டு மலர்களின் முன்னிலையில் இரண்டும் திரும்ப ஒன்றுசேர்வதைப் பார்த்தேன் என்று சொல்வது மிகையாகாது. இந்த ஒரு காட்சிக்காகவே அங்கே போகலாம்.

ஒவ்வொரு வேளை ஜெபத்தின் முடிவிலும் ஆரத்தி காட்டப்படுகிறது. அதோடு காலையில் சந்தனமும், நண்பகலில் குங்குமமும், அந்தியில் திருநீறும் வழங்கப்படுகின்றன. சந்தனம் இறையருளின் நறுமணத்தையும், குங்குமம் புருவ நடுவில் திறக்கும் ஞானக் கண்ணையும், திருநீறு பாவங்கள் எரிந்து சாம்பலாவதையும் குறிப்பதாகப் பொருள் சொல்கிறார்கள். இதைப் படிக்கும்போதே நம் வாசகர்கள் பலருக்கு முகம் சுளிக்கும் என்பது எனக்குத் தெரியும். திருநீற்றைத் துடைத்துவிட்டுத்தான் ஞானஸ்நானத் தொட்டிக்கு வந்தார்கள் நம் முன்னோர். அந்தச் சாம்பலைத் திரும்பவும் ஒரு சுவாமியாரின் கையிலிருந்து வாங்கிக்கொள்வது, தலைமுறைகளின் நினைவுக்கு எதிரான செயலாக உடம்பே உணரும். தவக்காலம் தொடங்கும் சாம்பற்புதனில் நெற்றியில் சாம்பல் பூசிப் பழகிய கத்தோலிக்கருக்கு இந்தச் சங்கடம் குறைவு. எதையும் வாங்கிக்கொண்டே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கைகூப்பி நின்றுவிட்டால் போதும். தட்டு அடுத்தவரிடம் போய்விடும். நான் சந்தனத்தை வாங்கிக்கொண்டேன், திருநீற்றை வாங்கவில்லை. இது பற்றி அங்கே யாரும் எதுவும் கேட்கவில்லை.

இவையெல்லாம் தனிப்பட்ட சிலரின் துணிச்சல் என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. உலகக் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப் பிறகு, 1969இல், தரையில் அமர்தல், காலணி களைதல், கைகூப்பி வணங்குதல், ஆரத்தி எடுத்தல் முதலிய பன்னிரண்டு தழுவல்களை இந்தியத் திருச்சபையின் வழிபாட்டில் கையாள உரோமை அனுமதி அளித்தது. சாந்திவனம் அந்தப் பட்டியலையும் கடந்து செல்கிறது என்பதும் உண்மையே.

உறுத்தலின் உச்சம் வாசகங்களில் வரும். ஜெப வேளைகளில் சங்கீதங்களோடும் வேதவாசகத்தோடும், உபநிடதங்களிலிருந்தும், பிற சமய நூல்களிலிருந்தும், அந்தியில் தமிழ்ப் பக்திப் பாடல்களிலிருந்தும் பகுதிகள் வாசிக்கப்படுகின்றன அல்லது பாடப்படுகின்றன. 'வேதமே போதும்' என்று வளர்ந்த ஒருவருக்கு இது சாதாரண விஷயமன்று. நான் இதை ஒரு குறையாகவும் சொல்ல மாட்டேன், நிறையாகவும் சொல்ல மாட்டேன். ஆனால் தெரியாமல் போய் அதிர்ச்சியடைவதைவிடத் தெரிந்து போவது நல்லது. மாணிக்கவாசகரின் வரிகள் அந்த மண்டபத்தில் ஒலித்தபோது, ஆண்டவனிடம் தன்னை முழுவதும் கொடுத்துவிட்டுப் பதிலுக்கு அவனையே பெற்றுக்கொள்ளும் பரிமாற்றத்தை இவ்வளவு வெளிப்படையாகப் பேசும் மரபு நம் பக்கத்து வீட்டிலேயே இருந்திருக்கிறது என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை. நெல்லைக் கிறிஸ்தவக் கவிஞர் எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை வைணவத்திலிருந்து வந்தபோது பக்தியின் அந்த உருக்கத்தையும் கூடவே கொண்டுவந்தார் என்பதை மறந்துவிட்டு, அதே உருக்கத்தை இங்கே கேட்டுத் திடுக்கிடுவது நியாயமா என்று தெரியவில்லை. அதே வேளையில், கிறிஸ்துவின் சிலுவை மரணத்தைப் பற்றிய தெளிவான போதனையை எதிர்பார்த்து வருபவருக்கு இங்கே அது குறைவாகவே கிடைக்கும். திருப்பலியில் வரும் மறையுரை சுருக்கமானது. வேதபாட வகுப்பு, ஆலோசனைக் கூட்டம், தனிப்பட்ட ஜெப உதவி என்று நம் ஊர்த் தியான இல்லங்களில் இருக்கும் ஏற்பாடுகளை எதிர்பார்க்கக் கூடாது. நிர்ப்பந்தமான ஒரு தீர்மானத்தின் முன்னால் நின்றுகொண்டு, தேவசித்தம் எது என்று கேட்க ஆள் தேடுபவருக்கு இது ஏற்ற இடமில்லை.

மொழியைப் பற்றி எனக்கு வலுவான கருத்து உண்டு. இறைவேண்டல் வடமொழியிலும் ஆங்கிலத்திலும் தமிழிலும் கலந்து நடக்கிறது. உலகின் பல மூலைகளிலிருந்து வருபவர்களுக்காக ஆங்கிலம் தேவைப்படுவது புரிகிறது. ஆனால் காவிரிக்கரையில், தேவாரம் பாடப்பெற்ற தலத்துக்குப் பக்கத்தில், இந்தியத்தன்மை என்பதற்கு முதல் சான்றாக வடமொழியை முன்வைப்பது ஏன் என்ற கேள்வி தமிழருக்கு எழத்தான் செய்யும். கிறிஸ்தவ ஆசிரமங்கள் தேர்ந்தெடுத்த பண்பாடு மேல்சாதியின் பண்பாடு என்றும், சபையின் பெரும்பான்மையினராகிய தலித் மக்களின் வழிபாட்டுக்கும் பறையொலிக்கும் அங்கே இடமில்லை என்றும் தலித் இறையியலார் பல ஆண்டுகளாகச் சொல்லிவருவது, சாந்திவனத்தின் மண்டபத்தில் அமர்ந்து கேட்கும்போது இன்னும் அழுத்தமாக உறைக்கிறது. மறுபுறம், இது மதமாற்றத்துக்கான மாறுவேடம் என்று இந்துத் தரப்பிலிருந்தும் 1980களில் கடுமையான கண்டனங்கள் வந்தன. இருபுறத்துக் கண்டனத்தையும் தாங்கிக்கொண்டு ஓர் இடம் தன் மணியை விடாமல் அடித்துவருவதற்குத் தனி மதிப்பு உண்டு. கண்டனங்களில் பாதி நியாயம் என்பதால் அந்த மதிப்பு குறைந்துவிடாது.

ஒப்பிட்டுச் சொல்வதென்றால், திருப்பத்தூரில் 1921இல் மருத்துவர் சேசுதாசனும் மருத்துவர் ஃபாரஸ்டர் பேட்டனும் தொடங்கிய கிறிஸ்துகுல ஆசிரமம் நம் புரொட்டஸ்டன்ட் மரபில் இதற்கு மூத்தது. அங்கேயும் திராவிடக் கட்டடக் கலையில் ஜெபாலயம் எழுந்தது. ஆனால் அங்கே அர்ப்பணத்தின் வடிவம் மருத்துவப் பணி. நோயாளியின் புண்ணைக் கழுவுவதில் அது வெளிப்பட்டது. சாந்திவனத்தை நிறுவியவர்கள் ஆராதனையைத் தவிர வேறொரு பணியையும் முதன்மையாக வைத்துக்கொள்ளவில்லை.

அந்த நிறுவனர்களின் கதையைத் தெரிந்துகொண்டு போனால் ஆசிரமம் வேறு விதமாகத் தெரியும். பிரான்சின் லியோன் மறைமாவட்டக் குருவான ஜூல்ஸ் மொன்ஷானின் 1939இல் இந்தியா வந்து, திருச்சி மறைமாவட்டத்தின் கிராமப் பங்குகளில் ஆண்டுக்கணக்கில் உழைத்தார். மிகுந்த கல்விமான், ஆயினும் குளித்தலைப் பக்கத்துச் சிற்றூர்களில் எளிய பங்குக் குருவாகவே காலம் கழித்தார். பிரான்சின் பிரித்தானிப் பகுதியைச் சேர்ந்த பெனடிக்ட் சபைத் துறவி ஹென்றி லெ சோ 1948இல் வந்து அவரோடு சேர்ந்தார். மறைமாவட்டத் தலைவரான ஆயர் மென்டோன்சாவின் இசைவோடு, 1950இல், காவிரிக்கரை மாந்தோப்பில் இருவரும் குடிசை போட்டுக் காவி உடுத்தித் துறவு வாழ்க்கையைத் தொடங்கினார்கள். பரம அரூபி ஆனந்தம் என்று மொன்ஷானினும், அபிஷிக்தானந்தர் என்று லெ சோவும் பெயர் பூண்டார்கள். இந்தியாவின் சார்பில் திரியேக தேவனை ஆராதிப்பதே தங்கள் வேலை, அதற்குமேல் எதுவும் இல்லை என்பது அவர்களின், குறிப்பாக மொன்ஷானினின், உறுதி.

உலக அளவுகோலில் அந்த முயற்சி தோற்றுப்போனது. இந்தியச் சீடர்கள் வந்து நிலைத்துத் தங்கவில்லை. திருவண்ணாமலையில் இரமணரைக் கண்டு ஆட்பட்டிருந்த லெ சோ, அருணாசலக் குகைகளில் தங்கும் காலம் கூடிக்கொண்டே போயிற்று. இருவருக்கும் இடையே கருத்து வேறுபாடும் வளர்ந்தது. நோயுற்ற மொன்ஷானின் சிகிச்சைக்காகப் பிரான்சுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, 1957 அக்டோபரில் பாரிசில் இறந்தார். தான் தொடங்கிய ஆசிரமத்தில் கண்ணை மூடவும் அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. லெ சோவும் 1968இல் வடக்கே இமயமலைப் பக்கம் போய்விட்டார். 1973இல் இந்தூரில் மறைந்தார். கேரளத்தின் குரிசுமலை ஆசிரமத்திலிருந்து ஆங்கிலேயத் துறவி பீட் கிரிஃபித்ஸ் 1968இல் வந்து பொறுப்பேற்ற பிறகுதான், இந்த இடத்திற்கு உலகம் வரத் தொடங்கியது. நாம் இன்று பார்க்கும் வழிபாட்டு முறை பெரும்பாலும் அவர் காலத்தில் உருப்பெற்றதே. 1980களின் தொடக்கத்தில் ஆசிரமம் பெனடிக்ட் மரபைச் சேர்ந்த கமால்டோலித் துறவற சபையோடு இணைந்தது. கிரிஃபித்ஸ் 1993 மே மாதத்தில் இங்கேயே காலமானார். அவருடைய சமாதி ஆலயத்தை ஒட்டி இருக்கிறது, வருபவர்கள் பூ வைக்கிறார்கள்.

வருபவர்களின் கவனமெல்லாம் அந்தச் சமாதியின் பக்கமே போகிறது. எனக்கோ மொன்ஷானினின் வரலாறே திரும்பத் திரும்ப மனத்தில் எழுந்தது. நம் சாட்சிகளில் ஒப்புக்கொடுத்தவர் எப்போதும் இறுதியில் ஆசீர்வதிக்கப்படுவார். வேலை கிடைக்கும், வீடு கட்டப்படும், ஊழியம் பெருகும். அப்படிப் பெருகாத சாட்சியை மேடைக்கு அழைப்பதில்லை. ஏழாண்டுக் காலம் ஒரு மாந்தோப்பில் நாள்தோறும் ஜெப வேளைகளைக் காத்து, ஒரு சீடரைக்கூட நிலையாகப் பெறாமல், தோழனும் விலகிப் போவதைப் பார்த்துக்கொண்டு, கடைசியில் அந்தத் தோப்பையும் விட்டுப் போன மனிதரின் அர்ப்பணத்தை நம் சபைகளில் எந்தத் தலைப்பின்கீழ் வைப்போம் என்று எனக்குத் தெரியவில்லை. பலனைக் கேட்காமல் ஆராதிப்பது என்று நாம் பாடுவதற்கு ஒரு மனிதர் தம் வாழ்க்கையையே கொடுத்துப் பார்த்த இடம் இது. ஆசிரமத்தார் இதை விளம்பரப்படுத்திச் சொல்வதில்லை. கேட்டால் சொல்வார்கள்.

இனி நடைமுறைச் செய்திகள். அறைகள் எளிமையானவை, தென்னைமரங்களுக்கிடையே சிறு குடில்களாக இருக்கின்றன. கட்டில், மேசை, மின்விசிறி என்று தேவையானவை மட்டும் உண்டு. சாப்பாடு சைவம், அளவாகவும் சுத்தமாகவும் இருக்கிறது. தரையில் வரிசையாக அமர்ந்து கையால் சாப்பிட்டு, சாப்பிட்ட தட்டைத் தானே கழுவிவைக்க வேண்டும். காரம் குறைவு, நம் வீட்டுக் குழம்பின் உறைப்புக்குப் பழகிய நாக்கு ஊறுகாயைத் தேடும். காலை உணவுக்குப் பிறகு விருந்தினரும் உட்கார்ந்து காய் நறுக்கும் வழக்கம் உண்டு. இந்தக் காய் நறுக்கும் வேளையை நான் ஜெப வேளைகளுக்கு அடுத்தபடியாக வைப்பேன். பேராசிரியரும், ஓய்வுபெற்ற செவிலியரும், முதுகில் பை மாட்டிக்கொண்டு ஊர்சுற்றும் இளைஞரும் ஒரே பாயைச் சுற்றி உட்கார்ந்து பீன்ஸ் நார் உரிக்கும்போது, அவரவர் வெளியே யார் என்பது ஒரு பொருட்டாகவே இருப்பதில்லை. எனக்குப் பக்கத்தில் அமர்ந்திருந்த ஒருவர், நறுக்கிய துண்டுகள் ஒரே அளவாக இல்லை என்று தனக்குள்ளேயே வருத்தப்பட்டுக்கொண்டிருந்தார். சமையற்கட்டிலிருந்து வந்த அம்மா அந்தத் துண்டுகளைப் பார்க்காமலேயே பாத்திரத்தில் வழித்துக்கொண்டு போய்விட்டார்.

கட்டணம் என்று விடுதிகளைப் போல ரசீது நீட்டுவதில்லை. புறப்படும்போது காணிக்கையாகக் கொடுக்க வேண்டும். தங்கியவருக்காக ஆகும் செலவை மனத்தில் வைத்து, கௌரவமாகக் கொடுப்பதே முறை. காணிக்கைதானே என்று சில்லறையைத் தேடுவது நம் பெயருக்கு அழகன்று. நூலகம் நன்றாக இருக்கிறது. இறையியலும் இந்தியத் தத்துவமும் ஒரே கூரையின்கீழ் கிடைக்கும். தமிழ் நூல்களைத் தேடிப் போகாமல், ஆங்கிலம் படிப்பவராக இருந்தால் ஒரு பகல் முழுவதும் அங்கேயே போய்விடும்.

யார் போகலாம் என்பதற்கு என் பதில் இது: பல ஆண்டுகள் விசுவாசத்தில் இருந்து, பாடல்களும் செய்திகளும் காதில் பழகிப்போய், ஜெபம் வறண்டுவிட்டவர்கள் போகலாம். சபையில் பொறுப்பிலிருந்து, மற்றவர்களுக்காக ஓயாமல் ஆராதனை நடத்திக்கொடுத்துக் களைத்த ஆயர்களும் பாடகர் குழுத் தலைவர்களும் கட்டாயம் போகலாம். தங்களை யாரும் கவனிக்காத ஓர் ஆராதனையில் உட்கார்ந்திருப்பது அவர்களுக்கு மருந்தாக இருக்கும். புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர்களுக்கும், சமீபத்தில் வேறு சமயத்திலிருந்து வந்தவர்களுக்கும் நான் இந்த இடத்தைப் பரிந்துரைக்க மாட்டேன். அவர்கள் விட்டுவந்தவற்றையும் பற்றிக்கொண்டவற்றையும் ஒரே தட்டில் வைத்துப் பார்க்க இன்னும் காலம் வேண்டும். சிறுபிள்ளைகளோடு குடும்பமாகப் போவதும் சரிவராது. சபை இளைஞர் குழுவைப் பேருந்து பிடித்து மொத்தமாகக் கூட்டிப்போவது பற்றி ஒரு நண்பர் கேட்டார், வேண்டாம் என்றேன். மௌனத்தைக் கூட்டமாகக் கற்றுக்கொடுக்க முடியாது.

திருச்சியிலிருந்து கரூர் செல்லும் பேருந்துகள் இந்த வழியாகவே போகின்றன. ரயிலில் வருபவர்கள் திருச்சி–கரூர் பாதையில் குளித்தலை நிலையத்தில் இறங்கி ஆட்டோ பிடிக்கலாம். சித்திரை, வைகாசி வெயிலில் ஆசிரமத்தின் நிழல்கூடப் போதாது; ஐப்பசி முதல் மாசி வரை ஏற்ற காலம். ஆனால் மார்கழி, தை மாதங்களில் வெளிநாட்டு விருந்தினர் அதிகம் என்பதால் நன்கு முன்கூட்டியே எழுதி இடம் உறுதிசெய்துகொள்ள வேண்டும். சாலையின் எதிர்ப்புறம் ஆனந்த ஆசிரமம் என்ற பெயரில் துறவுப் பெண்களின் இல்லமும் உண்டு. புரொட்டஸ்டன்ட் சபையினர் திருப்பலியில் அமரலாம். நற்கருணை பெறுவது கத்தோலிக்க ஒழுங்குக்கு உட்பட்டது என்பதால், அந்த வேளையில் இடத்திலேயே அமர்ந்திருப்பது நல்லது. மூட்டுவலி உள்ளவர்கள் முதல் நாளே சொல்லிவிட்டால், தரையில் அமர வேண்டிய வேளைகளுக்குச் சுவரோரமாக ஒரு நாற்காலி போட்டுக்கொள்ளலாம்.